மும்பையில் மூன்று நாள்: முதல்முறை வருகிறவர்களுக்கு

ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் போனிலேயே ஒரு பட்டியலை ஒப்பித்துவிடுவார்கள். கேட்வே, எலிஃபெண்டா, சித்திவிநாயக், ஹாஜி அலி, ஜூஹு பீச், நடிகர் வீடு, அப்படியே ஒரு எட்டு ஷீரடி. எல்லாம் மூன்று நாளுக்குள். மாட்டுங்கா, சயான், செம்பூர்ப் பக்கம் குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது வருஷா வருஷம் நடக்கிற கூத்து.

பட்டியலில் குறையில்லை, வரிசையில்தான் கோளாறு. மும்பை தெற்கு வடக்காக ஒல்லியாக நீண்டு கிடக்கிற ஊர். மேற்கு ரயில் பாதையில் சர்ச்கேட்டிலிருந்து விராருக்கு மட்டும் 60 கி.மீ. காலையில் ஜூஹு, மத்தியானம் கேட்வே, சாயங்காலம் மறுபடி பாந்த்ரா என்று போட்டால் முழுசாகப் பார்த்தது டிராஃபிக்காகத்தான் இருக்கும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் எந்தத் திசையில் போகிறதோ அதற்கு எதிர்த் திசையில் போகப் பாருங்கள். மற்றதெல்லாம் தானாக அமையும்.

ஷீரடியை இதில் சேர்க்காதீர்கள். அது சுமார் 240 கி.மீ. தள்ளி இருக்கிறது. போய்வர முழுசாக ஒரு நாளும் ஒரு ராத்திரியும் வேண்டும்.

தேதியைவிடக் கிழமை முக்கியம்

வருவதற்கு நல்ல காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பிள்ளைகளின் அரையாண்டு லீவு சரியாகப் பொருந்தும். மே மாதம் சென்னை வெயிலுக்குப் பழகியவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது என்பார்கள், ஆனால் இந்தப் புழுக்கம் வேறு ரகம். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. எலிஃபெண்டா தீவுக்குப் போகிற படகு அந்த மாதங்களில் ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு.

கிழமைக் கணக்கு இப்படி. திங்கட்கிழமை எலிஃபெண்டா குகைகளுக்கு விடுமுறை. போரிவலி தேசியப் பூங்காவும் அதற்குள் இருக்கிற கான்ஹேரி குகைகளும் அன்றைக்கு மூடல். செவ்வாய்க்கிழமை சித்திவிநாயக் கோயிலில் வரிசை தெரு வரைக்கும் நீளும். ஞாயிற்றுக்கிழமை ரயில்வேக்காரர்கள் தண்டவாளப் பராமரிப்புக்காக 'மெகா பிளாக்' போடுவார்கள். வெஸ்டர்ன் லைனில் அதற்கு 'ஜம்போ பிளாக்' என்று பெயர். பகல் நேரத்தில் சில மணி நேரம் வண்டிகள் குறையும், பாதை மாறும். முந்தின நாளே செய்தியில் வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சனிக்கிழமை ராத்திரிக்குள் வந்து சேருவது உத்தமம். ஞாயிறு கோட்டைப் பகுதி (தெற்கே 'ஃபோர்ட்' என்கிற பழைய அலுவலக வட்டாரம்), திங்கள் தாதர்-பாந்த்ரா பக்கம், செவ்வாய் எலிஃபெண்டா. அலுவலகங்கள் மூடிக் கிடக்கிற ஞாயிறு காலையில் கோட்டைப் பகுதியில் நடப்பது போன்ற சுகம் இந்த ஊரில் வேறில்லை. வார நாளில் அதே நடைபாதையில் உங்களைத் தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள்.

எங்கே இறங்குவது, எங்கே தங்குவது

தமிழ்நாட்டு ரயில்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்பதில்லை. சில சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரை போகும், பல குர்லா பக்கத்திலுள்ள லோக்மான்ய திலக் டெர்மினஸோடு நின்றுவிடும், ஒன்றிரண்டு தாதரில் முடியும். எல்.டி.டி. என்றால் லோக்மான்ய திலக். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்து வையுங்கள், திரும்பும்போதும் இதே கதைதான்.

எல்.டி.டி.யில் இறங்கினதும் ஆட்டோவை நோக்கி ஓடாதீர்கள். மும்பையில் ஆட்டோவுக்கு எல்லை உண்டு: கிழக்கே சயான், மேற்கே மாஹிம் பக்கத்தைத் தாண்டித் தெற்கே ஆட்டோ போகக்கூடாது. மாட்டுங்கா, தாதர், கோட்டை என்றால் டாக்சிதான். கறுப்பு-மஞ்சள் டாக்சி மீட்டரில் ஓடும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சக் கட்டணம் டாக்சிக்கு 31 ரூபாய், ஆட்டோவுக்கு 26 ரூபாய். நள்ளிரவிலிருந்து காலை 5 மணி வரை கால் பங்கு கூடுதல். "மீட்டர் போடுவானா?" என்று கேட்காத தமிழ்நாட்டு விருந்தாளி கிடையாது. போடுவார்கள். ஸ்டேஷன் வாசலில் பெட்டியோடு நிற்பவரிடம் மட்டும் சிலர் மொத்தமாக ஒரு ரேட் பேசுவார்கள். ப்ரீபெய்ட் கவுன்டர் இருந்தால் அங்கே போங்கள், இல்லாவிட்டால் ஐம்பதடி தள்ளி நடந்து ரோட்டில் ஓடுகிற வண்டியை நிறுத்துங்கள்.

விமானத்தில் வந்தால் இப்போது வேலை சுலபம். பூமிக்கடியில் ஓடுகிற மெட்ரோ 3 மும்பை விமான நிலையத்தின் இரண்டு டெர்மினலையும் தொட்டு, தாதர், சித்திவிநாயக், சி.எஸ்.எம்.டி., சர்ச்கேட் வழியாகக் கஃப் பரேட் வரை போகிறது. 2025 அக்டோபரில்தான் முழுப் பாதையும் திறந்தார்கள்.

தங்க தாதர்-மாட்டுங்கா-சயான் வட்டாரம் தோது. தாதரில் வெஸ்டர்ன், சென்ட்ரல் இரண்டு லைனும் சந்திக்கின்றன. மாட்டுங்காவில் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். கையில் தாராளமாகப் பணம் இருந்தால் கோட்டைப் பகுதியிலோ கொலாபாவிலோ தங்கலாம். ஆன்லைனில் அறை தேடும்போது 'மும்பை' என்று போட்டு மீரா ரோடு, நவி மும்பை அறைகளை மலிவாகக் காட்டுவார்கள். பக்கத்து ஸ்டேஷன் பெயர் என்ன என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். மாட்டுங்காவிலேயே ஒரு குழப்பம் உண்டு. 'மாட்டுங்கா' சென்ட்ரல் லைன், 'மாட்டுங்கா ரோடு' வெஸ்டர்ன் லைன், 'கிங்ஸ் சர்க்கிள்' ஹார்பர் லைன். மூன்றும் பக்கம் பக்கம்தான், ஆனால் தப்பான லைனில் ஏறினால் தாதருக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.

லோக்கல்: ஏறுவதும் இறங்குவதும்

லோக்கல் ரயிலுக்குப் பயந்து டாக்சியிலேயே சுற்றுகிறவர்கள் காசையும் நேரத்தையும் சேர்த்தே வீணாக்குகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சில பழக்கங்கள் தெரிந்தால் போதும்.

முதலில் நேரம். காலை 8 முதல் 11 வரை ஊரே தெற்கு நோக்கிப் போகும். மாலை 5 முதல் 9 வரை வடக்கு நோக்கித் திரும்பும். அந்த நேரத்தில் அந்தத் திசையில் குழந்தையோடும் பெரியவர்களோடும் ஏறாதீர்கள். எதிர்த் திசையில் அதே நேரத்தில் உட்காரவே இடம் கிடைக்கும்.

டிக்கெட்டைக் கவுன்டரிலோ மொபைலிலோ எடுக்கலாம். இரண்டாம் வகுப்பு 5 ரூபாயில் ஆரம்பம். 1, 3, 5 நாளுக்கு டூரிஸ்ட் பாஸ் உண்டு, மூன்று லைனிலும் செல்லும். அடையாள அட்டையோடு கவுன்டரில் கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். பெரியவர்கள் கூட இருந்தால் ஏ.சி. லோக்கல் நல்லது. கதவு தானாக மூடும். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதா டிக்கெட்டோடு அதில் ஏறினால் அபராதம்.

பிளாட்பாரத்தில் தொங்குகிற பலகையைத்தான் இந்த ஊர்க்காரர்கள் 'இண்டிகேட்டர்' என்பார்கள். வண்டி போகும் ஊர், நேரம், ஸ்லோவா ஃபாஸ்டா, எத்தனை பெட்டி என்று அதில் வரும். ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்கா போன்ற சின்ன ஸ்டேஷனில் நிற்காது. பெட்டிகளில் முதல் வகுப்பு, பெண்கள் பெட்டி, மாற்றுத்திறனாளிகள் பெட்டி, லக்கேஜ் பெட்டி என்று தனித்தனி. அவசரத்தில் ஆண்கள் பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டு முழிப்பது அன்றாடம் நடக்கிறது. வெளியே பெட்டியின் மேல் போட்டிருக்கிற கோடுகளின் நிறத்தையும் படத்தையும் பார்த்து ஏறுங்கள்.

இறங்குவது தனிக் கலை. "புடீல் ஸ்டேஷன்", "அக்லா ஸ்டேஷன்", "நெக்ஸ்ட் ஸ்டேஷன்" என்று மூன்று மொழியில் அறிவிப்பு வரும். அது வந்த பிறகு எழுந்தால் காலம் கடந்துவிட்டது. ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்து, முன்னால் நிற்பவரின் தோளை லேசாகத் தொட்டு "தாதர்?" என்று கேளுங்கள். ஆமென்று தலையாட்டினால் அவர் பின்னாலேயே நில்லுங்கள். இல்லையென்றால் அவரே உங்களை முன்னால் விட்டுவிடுவார். முகம் தெரியாத ஒருவர் இப்படி இடம் மாற்றிக்கொடுப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. சாயங்கால விரார் ஃபாஸ்டில் மட்டும் பாந்த்ரா, அந்தேரிக்குப் போகிறேன் என்று ஏறாதீர்கள். தூரம் போகிறவர்களுக்கான வண்டி அது, நடுவில் இறங்க வழி விடமாட்டார்கள்.

கதவோரம் நின்று போனில் படம் எடுக்கவே கூடாது. தண்டவாளத்தின் ஓரத்தில் கம்போடு நின்று கையில் தட்டிப் போனைப் பறிக்கிற கும்பல் உண்டு. 'ஃபட்கா கேங்' என்று இங்கே அதற்குப் பெயரே இருக்கிறது.

பஸ்ஸைப் பற்றி ஒரு வரி: 'பெஸ்ட்' என்கிற மாநகர பஸ்ஸின் நெற்றியில் எண் மராத்தியில் இருக்கும், நமக்குப் புரிகிற எண்ணைப் பக்கவாட்டில் தேடுங்கள்.

ஞாயிறு: கோட்டைப் பகுதியில் நடை

காலை ஏழரைக்கெல்லாம் சி.எஸ்.எம்.டி.யில் இறங்கிவிடுங்கள். பழைய விக்டோரியா டெர்மினஸ்தான் இது. 1878-ல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கட்டினார்கள், வடிவமைத்தவர் எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ். 2004-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் எதிர்ப்புறம் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதைச் செய்யுமுன் லோக்கல் டிக்கெட் கொடுக்கிற ஹாலுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். வளைவு வளைவான கூரையில் நட்சத்திரங்கள் தீட்டியிருப்பார்கள். கீழே சில்லறைக்கு அடித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. வெளியே வந்தால் வாசல் தூண்கள் இரண்டில் ஒன்றின் மேல் சிங்கம், இன்னொன்றின் மேல் புலி. சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா. சுவர்களில் மயில், குரங்கு, இலை, கொடி என்று தேடித் தேடிப் பார்க்கலாம், குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று இந்த வட்டாரத்திலிருந்த போரி பந்தரிலிருந்துதான் தாணேவுக்குக் கிளம்பியது. தூரம் 34 கி.மீ.

அங்கிருந்து டி.என். ரோட்டில் வளைவுகள் போட்ட நடைபாதை வழியாகத் தெற்கே நடந்தால் கால் மணியில் ஃப்ளோரா ஃபவுண்டன், 1864-ல் கட்டிய நீரூற்று. பக்கத்தில் இருப்பது மராத்தி பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரா போராட்டத்தில் உயிர் விட்டவர்களின் நினைவுச் சின்னம். அதனால்தான் இந்த இடத்துக்கு ஹுதாத்மா சௌக், அதாவது தியாகிகள் சதுக்கம் என்று பெயர்.

மேற்கே திரும்பினால் ஓவல் மைதானம். ஞாயிறு காலையில் ஒரே புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு கிரிக்கெட் ஆட்டம் ஒன்றின் மேல் ஒன்றாக நடக்கும். எந்தப் பந்து எந்த ஆட்டத்தினுடையது என்று அவர்களுக்கு மட்டும் தெரியும். மைதானத்தின் நடுவே போகிற பாதையில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். கிழக்கே உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், ராஜாபாய் மணிக்கூண்டு என்று விக்டோரியா காலத்துக் கல் கட்டடங்கள். மேற்கே 1930-களை ஒட்டி எழுந்த ஆர்ட் டெகோ வீடுகள், உருண்ட மூலையும் பட்டை பட்டையான பால்கனியுமாக. இரண்டையும் சேர்த்து 2018-ல் யுனெஸ்கோ அங்கீகரித்தது.

வெயில் ஏறினதும் காலா கோடாவில் இருக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுங்கள், காலை 10.15-க்குத் திறக்கும். மூன்று மணி நேரம் தாராளமாகப் போகும். சாப்பாட்டுக்கு ஒரு இரானி கஃபே: பன் மஸ்கா, சாய், பசித்தால் கீமா பாவ். மரவள்ளிச் சிப்ஸும் தயிர்சாதமும் கட்டி எடுத்துவந்தவர்கள் ஓவலிலேயே உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஐந்து மணிக்கு மரைன் டிரைவ். மெரினாவில் சூரியன் உதிப்பதைப் பார்த்தவர்களுக்கு இங்கே கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். அலையைத் தடுக்கப் போட்டிருக்கிற நாலு கால் கான்கிரீட் கட்டைகளின் மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். மணல் வேண்டுமென்றால் வடக்குக் கோடியில் சௌபாட்டி இருக்கிறது. பேல்பூரி அங்கேதான் சாப்பிட வேண்டும்.

திங்கள்: மாட்டுங்காவிலிருந்து பாந்த்ரா

"இட்லி சாப்பிடவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்பீர்கள். இருந்தாலும் மாட்டுங்காவில் காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய கடைத்தெருவில் கனகாம்பரமும் கதம்பமும் கட்டி வைத்திருப்பார்கள். வாழை இலை, முருங்கைக்காய், சேனைக்கிழங்கு எல்லாம் ஊர் மாதிரியே. 'கொச்சு குருவாயூர்' என்று எல்லாரும் சொல்கிற ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. ராம நாயக் உடுப்பியில் இலைச் சாப்பாடு, கஃபே மெட்ராஸில் ரசவடை, இரண்டுமே 1940-களின் தொடக்கத்திலிருந்து நடக்கின்றன. சில ஹோட்டல்களுக்குத் திங்கள் லீவு, ஆகையால் ஒன்று மூடியிருந்தால் அடுத்ததற்குப் போங்கள். இந்த ஸ்டேஷனையே கவனியுங்கள்: டிக்கெட் கவுன்டரிலிருந்து நிர்வாகம் வரை பெண்கள் மட்டுமே நடத்துகிற ஸ்டேஷன், 2017-லிருந்து.

பத்தரை மணி வாக்கில் பிளாட்பாரத்தில் நின்றால் லக்கேஜ் பெட்டியில், வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுபோகிற டப்பாவாலாக்களைப் பார்க்கலாம். நீளப் பலகையில் வரிசையாகச் சாப்பாட்டு டப்பாக்கள், மூடியில் பெயிண்டால் எழுதிய எழுத்தும் எண்ணும். எந்த ஸ்டேஷனில் இறக்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி எல்லாம் அதற்குள் அடக்கம். படம் எடுக்கலாம், வழியில் மட்டும் நிற்காதீர்கள். அவர்கள் நிற்கமாட்டார்கள்.

அடுத்து பிரபாதேவியிலுள்ள சித்திவிநாயக் கோயில், 1801-ல் கட்டியது. பெரிய பையோடு போனால் சோதனையிலேயே நேரம் போய்விடும். பின்பு மகாலட்சுமி ஸ்டேஷனை ஒட்டிய பாலத்திலிருந்து 'தோபி காட்' என்கிற திறந்தவெளிச் சலவைத் துறையை எட்டிப் பாருங்கள், பத்து நிமிஷம் போதும். ஹாஜி அலிக்குப் போகுமுன் கடல் ஏறி இறங்குகிற நேரத்தைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள். தர்காவுக்குப் போகிற பாதை கடலுக்குள் இருக்கிறது, கடல் ஏறினால் தண்ணீர் மூடிவிடும்.

சாயங்காலம் இங்கிருந்து பாந்த்ராவுக்கு லோக்கலில் போனால் கூட்டத்தோடு கூட்டமாக மாட்டிக்கொள்வீர்கள். டாக்சி பிடித்து வோர்லி கடல் பாலத்தில் போங்கள். 2009-ல் திறந்தது, நீளம் 5.6 கி.மீ., சுங்கம் தனி. பாலத்தின் மேல் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள். பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டில் கடலைப் பார்க்க உட்காருவது ஒரு கூட்டம், நடிகர் வீட்டு கேட்டைப் பார்க்க நிற்பது ஒரு கூட்டம். எங்கள் அத்தை ஒரு மணி நேரம் நின்று கடைசியில், "ஏம்ப்பா, வாட்ச்மேன் மட்டும்தான் வெளியே வருவானா?" என்று கேட்டார். திரும்பித் தெற்கே வரும்போது லோக்கலில் இடம் கிடைக்கும்.

செவ்வாய்: எலிஃபெண்டா

மூன்று நாளில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கேட்வேயில் காலை 9 மணிக்கெல்லாம் நில்லுங்கள். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் வந்ததன் நினைவாக எழுந்த வளைவு, 1924-ல் திறந்தது. 1948-ல் கடைசி பிரிட்டிஷ் படை இதே வாசல் வழியாகத்தான் கிளம்பிப் போனது. எதிரே 1903-லிருந்து தாஜ் ஹோட்டல். இதையெல்லாம் திரும்பி வந்தும் பார்க்கலாம், முதல் படகைப் பிடியுங்கள்.

படகு டிக்கெட் போகவும் வரவும் சேர்த்து. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் பயணம். இறங்கினதும் சின்ன ரயில் ஒன்று படிக்கட்டின் அடிவாரம் வரை கொண்டுவிடும். மேலே சுமார் 120 படி. முட்டி வலிக்காரர்களுக்கு டோலி உண்டு, கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். குரங்குகள் ஜூஸ் பாட்டிலைக் குறி வைக்கும், கையில் எதுவும் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். குகைக்கு நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபாய்.

முதல் குகைதான் முக்கியம். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் மலையைக் குடைந்து செய்த சிவன் கோயில். கைடு வேண்டாம், நமக்குத் தெரிந்த கதைகள்தான் எல்லாம்: அர்த்தநாரீசுவரர், கங்கையைச் சடையில் தாங்குகிறவர், பார்வதி கல்யாணம், அந்தகாசுரனை வதைப்பது, இராவணன் கயிலையைப் பெயர்ப்பது. கை கால்கள் உடைந்திருக்கும், முகங்கள் பல இன்னும் அப்படியே. நடுவே சுமார் 20 அடி உயரத்தில் மும்முகச் சிவன். நேரே பார்க்கிற முகம் கண்மூடித் தியானத்தில் இருக்கிறது. உங்கள் இடப்பக்க முகம் மீசையும் பாம்புமாக உக்கிரம். வலப்பக்க முகம் பெண்ணைப் போலக் கனிந்து, கையில் பூவோடு. குகைக்குள் நுழைந்ததும் ஐந்து நிமிஷம் ஒன்றும் சரியாகத் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகும் வரை தூணோரம் நின்று பிறகு கிட்டே போங்கள். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்தால் கல் தட்டையாகத்தான் விழும்.

போர்ச்சுகீசியர் இந்தத் தீவுக்குப் பெயர் வைத்ததற்குக் காரணமான கல் யானை இப்போது இங்கே இல்லை. பைகுல்லாவில் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத் தோட்டத்தில் நிற்கிறது. அதற்குப் புதன் விடுமுறை. மற்றக் குகைகளில் பெரிதாக ஒன்றுமில்லை, தவறவிட்டால் பாதகமில்லை. இரண்டு மணிக்குள் திரும்பினால் கொலாபாவில் சாப்பிட்டுக் கடைத்தெருவையும் பார்க்கலாம். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

கிளம்பும் நாள்

ரயில் எல்.டி.டி.யிலிருந்து என்றால் போகிற வழியில் செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். 108 படி ஏற வேண்டும், பெட்டியைக் கீழே பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். வீட்டுக்கு வாங்க மாஹிம் ஹல்வா நன்றாக இருக்கும், தட்டையாக இருப்பதால் பெட்டியில் இடமும் அடைக்காது. வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் டாக்சி ஏறுங்கள், சாயங்கால வண்டி என்றால் இரண்டு மணி நேரம். புனே வழியாகப் போகிற வண்டி பெரும்பாலும் கர்ஜத்தில் நிற்கும். மலை ஏற்றத்துக்காகப் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள். அந்த நேரத்தில் ஜன்னலுக்குச் சூடாக வடா பாவ் வரும். மும்பைக்குள் சாப்பிட நேரம் கிடைக்காதவர்கள் சில்லறையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வண்டி சட்டென்று கிளம்பிவிடும்.